ஓர் இரவின் மின்சாரத்தை முதலில் தாளில் எழுதுங்கள்
(வாசகர் கேள்வி - பதில்)

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைப் பற்றியவை. கைப்பிடி வைத்த பெட்டியாக, உள்ளே லித்தியம் பேட்டரியும் இன்வெர்ட்டரும் சேர்ந்து, முன்பக்கத்தில் பிளக் செருகும் இடங்களோடு விற்கிறார்களே, அந்த 'பவர் ஸ்டேஷன்'. வடகிழக்குப் பருவமழை நெருங்கும் நேரத்தில் இந்தக் கேள்விகள் வருவது இயல்புதான். மன்னார்குடியில் இன்வெர்ட்டரும் பேட்டரியும் பழுது பார்க்கும் பட்டறை நடத்துகிறவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். எந்தக் கம்பெனி நல்லது என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். பெயர் சொல்ல மாட்டேன். உங்களுக்கு என்ன தேவை என்று கணக்குப் போட்டுவிட்டால் கடையில் யாரும் உங்களைத் திசைதிருப்ப முடியாது.

கேள்வி: 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது எங்கள் தெருவில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. மாமனாருக்குத் தூக்கத்தில் மூச்சு அடைபடும் கோளாறு உண்டு. இரவில் முகமூடி வழியாகக் காற்றைச் செலுத்தும் சிபாப் கருவி போட்டுக்கொண்டுதான் தூங்க வேண்டும். அந்த இரவுகளை அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கழித்தார். இனி அப்படி நடக்கக் கூடாது. எத்தனை வாட் பவர் ஸ்டேஷன் வாங்க வேண்டும் அம்மா?
- வாசகி, முடிச்சூர்

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்ததும் மற்றதை எல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு இதைத்தான் முதலில் எடுத்தேன்.

'எத்தனை வாட்' என்பது கேள்வியின் பாதிதான். ஒரே நேரத்தில் எவ்வளவு பாரத்தைத் தாங்கும் என்பதை வாட் சொல்கிறது. எத்தனை மணி நேரம் ஓடும் என்பதைச் சொல்வது 'வாட் அவர்'. உங்களுக்கு முக்கியம் இரண்டாவது எண். ஒரு தாளை எடுத்து, கரண்ட் இல்லாத ஓர் இரவில் எதெல்லாம் ஓட வேண்டும் என்று எழுதுங்கள்.

கருவியின் அடாப்டரில் 65 வாட், 90 வாட் என்று அச்சிட்டிருப்பார்கள். அது அதிகபட்ச அளவு. உண்மையில் இழுப்பது அதைவிடக் குறைவாக இருக்கும். இதை அளக்க, பிளக்குக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே செருகும் சின்ன வாட் மீட்டர் எலக்ட்ரிக்கல் கடைகளில் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. இப்போதே ஓர் இரவு முழுக்க அதை மாட்டி வையுங்கள். மாமனார் மூச்சை இழுக்கும்போது எண் ஏறும், விடும்போது இறங்கும். அதைப் பார்த்துக் கலங்க வேண்டாம். காலையில் மொத்தம் எத்தனை யூனிட் ஆனது என்று அதுவே காட்டும். 0.24 யூனிட் என்றால் 240 வாட் அவர்.

பொதுவாக இந்தக் கருவி தண்ணீரைச் சூடாக்கும் ஈரப்பதப் பகுதியோடு ஓடினால் 50, 60 வாட் வரை போகும். அந்தச் சூட்டை நிறுத்தினால் 30 வாட்டுக்குள் அடங்கிவிடும். புயல் இரவுகளில் மட்டும் அதை நிறுத்தி வைக்கலாமா என்று மருத்துவரிடம் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இனி கணக்கு. கருவி 30 வாட் வீதம் 8 மணி நேரம்: 240. அறையில் மின்சாரம் குறைவாக இழுக்கும் பி.எல்.டி.சி. ஃபேன் ஒன்று, 30 வாட், 8 மணி நேரம்: 240. ஒரு 9 வாட் பல்பு 5 மணி நேரம்: 45. வைஃபை ரூட்டர் 10 வாட், 8 மணி நேரம்: 80. நான்கு செல்போன்களுக்குச் சேர்த்து 60. மொத்தம் 665 வாட் அவர். பெட்டியில் எழுதியிருப்பது முழுவதும் சாக்கெட்டுக்கு வந்து சேராது. பேட்டரி மின்சாரத்தை 230 வோல்ட்டாக மாற்றும்போதே ஒரு பகுதி சூடாகிப் போகிறது. எதுவும் ஓடாதபோதும் உள்ளே இருக்கும் இன்வெர்ட்டர் கொஞ்சம் தின்றுகொண்டே இருக்கும். ஐந்தில் நான்கு பங்குதான் கைக்கு வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 665-ஐ 0.8-ஆல் வகுத்தால் 831. ஆக, 1000 வாட் அவர் அளவுள்ள பெட்டி உங்களுக்குப் போதும்.

இப்போது உங்கள் அறையில் ஓடுவது பழைய சீலிங் ஃபேன் என்றால் என்ன ஆகும் என்று பாருங்கள். அது 75 வாட். எட்டு மணி நேரத்துக்கு 600. மொத்தம் 1025 ஆகி, தேவைப்படும் பெட்டி 1300 வாட் அவரைத் தொடுகிறது. ஃபேன் ஒன்றுக்காக அடுத்த பெரிய அளவுக்குத் தாவ வேண்டிவரும், விலை பல ஆயிரம் கூடும். ஏறக்குறைய மூவாயிரம் ரூபாய்க்கு ஃபேனை மாற்றுவது அதைவிட நல்ல செலவு. தினசரி மின்கட்டணமும் குறையும். பட்டறைக்கு வருகிற எல்லோரிடமும் நான் முதலில் சொல்வது இதுதான்: பெட்டியைப் பெரிதாக்குவதற்கு முன் பாரத்தைச் சிறிதாக்குங்கள்.

கரண்ட் ஒரே இரவில் வந்துவிடும் என்று உறுதியில்லை என்பது உங்களுக்கே தெரியும். அதனால் இரண்டாவதாக ஒரு கணக்கும் போட்டு வையுங்கள். கருவி மட்டும் ஓடினால், அதுவும் 230 வோல்ட் சாக்கெட் வழியாக அல்லாமல் கார் சாக்கெட் போன்ற 12 வோல்ட் வழியில் அதற்குரிய டி.சி. கேபிளில் ஓடினால், மாற்றத்தில் போகும் இழப்பு மிகவும் குறையும். அப்படி ஓட்டினால் அதே 1000 வாட் அவர் பெட்டி அவருக்கு மூன்று இரவுகள் தாங்கும். அந்த கேபிளைக் கருவியின் மாடல் எண்ணைச் சொல்லி இப்போதே வாங்கி, ஓர் இரவு ஓட்டிப் பார்த்துவிடுங்கள். மழைக்கு நடுவில் அதைத் தேடி அலைய முடியாது.

இன்னொன்று. 1000 வாட் அவர் பெட்டி 11 முதல் 13 கிலோ வரை இருக்கும். தண்ணீர் ஏறும்போது மாடிக்குத் தூக்கிக்கொண்டு போகலாம். முடிச்சூர், வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் தரைத்தளத்தில் இருந்த இன்வெர்ட்டர் பேட்டரிகள் நீரில் மூழ்கியதை நினைத்துப் பாருங்கள். உங்களைப் போன்றவர்களுக்கு இந்தப் பெட்டியை நான் மனமாரப் பரிந்துரைப்பதற்கு இதுவே பெரிய காரணம்.

இதைப் படிக்கும் வேறு யார் வீட்டிலாவது ஆக்ஸிஜன் செறிவூட்டி இருந்தால், தயவுசெய்து இந்தக் கணக்கை அதற்குப் பொருத்தாதீர்கள். 5 லிட்டர் கருவி 300 வாட்டுக்கு மேல் இழுக்கும். ஓர் இரவுக்கே 2500 வாட் அவரைத் தாண்டும். அவர்களுக்கு நிரப்பிய சிலிண்டர் ஒன்று வீட்டில் இருந்தே ஆக வேண்டும்.

கேள்வி: ஆன்லைனில் '80,000 எம்.ஏ.எச்., 300 வாட், பீக் 600 வாட்' என்று ஒரு பவர் ஸ்டேஷன் மலிவாகக் கிடைக்கிறது. இதில் மிக்ஸி, ஃபிரிட்ஜ் ஓடுமா?
- வாசகர், ஈரோடு

பதில்: ஓடாது ஐயா. 80,000 என்பது பார்க்கப் பெரிய எண். ஆனால் எம்.ஏ.எச். என்பதை வோல்ட்டோடு பெருக்காமல் எதுவும் தெரியாது. இத்தகைய பெட்டிகளில் அந்த எண்ணை ஒற்றைச் செல்லின் 3.7 வோல்ட்டுக்குத்தான் கணக்கிட்டிருப்பார்கள். 80,000 எம்.ஏ.எச். என்பது 80 ஆம்பியர் அவர். அதை 3.7-ஆல் பெருக்கினால் 296 வாட் அவர். கைக்கு வருவது சுமார் 240. மிக்ஸியின் மோட்டார் 500 முதல் 750 வாட் வரை. பொத்தானைத் திருகிய உடனே பெட்டி தன்னை அணைத்துக்கொள்ளும். 'பீக் 600' என்பது கண் இமைக்கும் நேரத்துக்கு மட்டும் தாங்கும் அளவு. அதை நம்பி எதையும் வாங்கக் கூடாது.

ஃபிரிட்ஜ் ஓடும்போது 100, 150 வாட்தான். ஆனால் பழைய வகை கம்ப்ரஸர் கிளம்பும் நொடியில் அதைப்போல் பல மடங்கு இழுக்கும். இன்வெர்ட்டர் கம்ப்ரஸர் உள்ள ஃபிரிட்ஜ் மெதுவாகக் கிளம்புவதால் 1000 வாட் பெட்டியில் சிரமமின்றி ஓடும். சில மணி நேர மின்தடைக்காக என்றால் ஃபிரிட்ஜுக்கு ஒன்றுமே தேவையில்லை. கதவைத் திறக்காமல் இருந்தால் நான்கு மணி நேரம் குளிர் நிற்கும்.

வாங்கும்போது மூன்றைக் கேளுங்கள். வாட் அவர் எவ்வளவு என்று பெட்டியிலேயே அச்சாகியிருக்கிறதா? வெளிவருவது, வீட்டு கரண்ட் போலவே சீரான அலையாக வரும் 'ப்யூர் சைன் வேவ்' தானா? உள்ளே இருப்பது எல்.எஃப்.பி. எனப்படும் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல்லா? விற்பவர்கள் எல்.எஃப்.பி. 3000 தடவை சார்ஜ் தாங்கும் என்பதையே பெரிதாகச் சொல்வார்கள். புயலுக்கும் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடைக்கும் மட்டும் எடுக்கிறவருக்கு 3000 தடவை என்பது இந்தப் பிறவியில் முடியாது. நான் அதை விரும்புவது வேறு காரணத்துக்காக. மற்ற லித்தியம் வகைகளைவிட அது சூட்டைத் தாங்கும், எளிதில் தீப்பிடிக்காது. நம் ஊர் மே மாதத்தில், மூடிய வீட்டுக்குள், குழந்தைகள் தூங்கும் அறையில் வைக்கப்போகும் பொருள் இது. இந்த இடத்தில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். செல்லுக்கு ஐ.எஸ். 16046 என்ற இந்தியத் தர எண்ணும், ஆர் எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். இரண்டும் அச்சாகாத பெட்டி எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

கேள்வி: வீட்டில் இன்வெர்ட்டரும் 150 ஏ.எச். டியூபுலர் பேட்டரியும் இருக்கின்றன. கஜா புயலை அனுபவித்தவர்கள் நாங்கள். இதைத் தூக்கிவிட்டுப் பெரிய பவர் ஸ்டேஷனாக வாங்கினால் போர் மோட்டாரும் ஓடும் என்று மகன் சொல்கிறான். செய்யலாமா?
- வாசகர், ஒரத்தநாடு

பதில்: வேண்டாம் ஐயா. இருப்பதை வைத்துக்கொள்ளுங்கள்.

150 ஏ.எச். (ஆம்பியர் அவர்) பேட்டரி 12 வோல்ட்டில் 1800 வாட் அவர். அதை முழுக்க வற்றவிடக் கூடாது என்பதால் ஆயிரத்துச் சொச்சம் தாராளமாகப் பயன்படும். அதே அளவுக்குப் பவர் ஸ்டேஷன் வாங்கினால் நீங்கள் இன்வெர்ட்டருக்கும் பேட்டரிக்கும் கொடுத்ததைப்போல் சில மடங்கு ஆகும். சொந்த வீட்டில், வயரிங்கோடு இணைத்து, கரண்ட் போனதும் தானாக எரிகிற ஏற்பாடு இருக்கும்போது அதைக் கழற்றுவதில் லாபம் இல்லை. டிஸ்டில்டு வாட்டர் அளவை மட்டும் தவறாமல் பாருங்கள். டெர்மினலில் பச்சையாகப் பூத்திருந்தால் வெந்நீர் ஊற்றித் துடைத்து வாசலின் தடவுங்கள். வாடகை வீட்டில் இருப்பவர்கள், சுவரில் கைவைக்க முடியாத அடுக்குமாடிக்காரர்கள், பேட்டரி ஆவி ஒத்துக்கொள்ளாத ஆஸ்துமாக்காரர்கள் - இவர்களுக்குத்தான் பவர் ஸ்டேஷன் பொருத்தம்.

மோட்டார் விஷயத்தில் மகனுக்கு அழுத்தமாகச் சொல்லுங்கள். 1 எச்.பி. என்பது 746 வாட். ஆனால் மோட்டார் மின்சாரத்தில் இழுப்பது ஆயிரத்துக்கு மேல். கிளம்பும்போது அதைப்போல் நான்கிலிருந்து ஆறு மடங்கு. 2000 வாட் பெட்டி ஒருநாள் ஓட்டிக்காட்டினாலும் அடுத்த நாள் நின்றுவிடலாம். ஆழத்தில் கிடக்கும் மோட்டாருக்கு அந்தத் திக்கல் நல்லதல்ல.

2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கஜா கரையேறியபின் நம் மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பல கிராமங்களில் வாரக்கணக்கில் இருட்டு. அப்போது நம்மை வாட்டியது விளக்கு இல்லாதது அல்ல, தண்ணீர் இல்லாதது. ஜெனரேட்டரைச் சின்ன யானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, தெருத்தெருவாக மோட்டார் ஓட்டித் தொட்டி நிரப்பிக் கொடுத்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தெருவுக்கு ஒரு ஜெனரேட்டர் என்று பத்து வீடுகள் சேர்ந்து வாங்கி வைப்பதுதான் மோட்டாருக்குச் சரியான வழி. அதுவும் முடியாவிட்டால், புயல் எச்சரிக்கை வந்ததும் மேல்நிலைத் தொட்டி, அண்டா, குடம் எல்லாவற்றையும் நிரப்புங்கள். பலர் இதைத் தள்ளிப்போட்டு, காற்று தொடங்கி கரண்டை நிறுத்தியபின்தான் நினைக்கிறார்கள்.

கேள்வி: பவர் ஸ்டேஷனிலிருந்து இரண்டு பக்கமும் பிளக் வைத்த ஒயரைச் சுவரிலுள்ள சாக்கெட்டில் செருகினால் வீடு முழுக்க விளக்கு எரியும் என்று ஒரு வீடியோவில் காட்டினார்கள். கணவர் அப்படிச் செய்யப் போகிறேன் என்கிறார். ஆபத்து உண்டா?
- வாசகி, மதுரை

பதில்: உண்டு அம்மா. அவரைச் செய்ய விடாதீர்கள்.

ஒருபக்கம் செருகியதும் மறுபக்கம் பிளக்கின் பித்தளைக் கம்பிகளில் 230 வோல்ட் திறந்து நிற்கும். கை பட்டால் போதும். அதைவிடப் பெரிய கேடு வெளியே இருக்கிறது. மெயினை அணைக்க மறந்தால் உங்கள் வீட்டு மின்சாரம் மீட்டர் வழியாகத் தெருக் கம்பிக்குப் போகும். மழையில் நனைந்தபடி கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேன், லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பிக் கைவைப்பார். புயல் முடிந்ததும் நமக்காக முதலில் வெளியே வருகிற மனிதர் அவர். அவர் வீட்டிலும் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். கணவரிடம் இந்தப் பதிலை வாசித்துக் காட்டுங்கள். வீட்டு வயரிங்கோடு இணைத்தே ஆக வேண்டும் என்றால் லைசென்ஸ் பெற்ற எலக்ட்ரீஷியனை அழைத்து, தெருக் கரண்ட், பெட்டிக் கரண்ட் இரண்டில் ஒன்றை மட்டும் வீட்டோடு இணைக்கும் 'சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச்' போடச் சொல்லுங்கள். இல்லையேல் ஒரு நல்ல எக்ஸ்டென்ஷன் பாக்ஸை நேராகப் பெட்டியில் செருகி, தேவையான கருவிகளை அதில் மாட்டுங்கள்.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து மகள் ஜனவரியில் வருகிறாள். அங்கே தள்ளுபடியில் கிடைக்கிறது, வாங்கி வரட்டுமா என்கிறாள்.
- வாசகர், காரைக்குடி

பதில்: விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். பயணிகள் 100 வாட் அவர் வரை கைப்பையில் கொண்டுவரலாம். 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதியோடு. அதற்கு மேல் தடை. நீங்கள் கேட்கும் பெட்டிகள் எல்லாம் அதைத் தாண்டியவை. எப்படியாவது வந்து சேர்ந்தாலும் அது 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம் வீட்டு ஃபேனுக்கு ஆகாது. மகள் வெறுங்கையோடு வந்தாலே போதும்.

கேள்வி: நண்பர்களோடு மாதம் ஒருமுறை கொடைக்கானல், வால்பாறை பக்கம் தனியார் எஸ்டேட்களில் கூடாரம் போட்டுத் தங்குவோம். விளக்கு, போன், கேமரா பேட்டரி, டீ போட ஒரு கெட்டில். 2000 வாட் பெட்டி எடுக்கலாமா அக்கா? சோலார் பேனலும் தேவையா?
- வாசகர், கோயம்புத்தூர்

பதில்: கெட்டிலை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள் தம்பி, மற்றதெல்லாம் எளிதாகிவிடும். மலைக்குளிரில் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க ஏறக்குறைய 120 வாட் அவர் போகும். அந்த மின்சாரத்தில் 3 வாட் விளக்கு ஒன்றை விடிய விடிய நான்கு இரவுகளுக்கு எரிக்கலாம். சூடாக்கும் வேலைக்குச் சின்ன கேஸ் அடுப்புதான் சரி. எஸ்டேட்காரரிடம் கேட்டுவிட்டு, காய்ந்த புல் இல்லாத திறந்த இடத்தில் பற்றவையுங்கள். கூடாரத்துக்குள் எக்காரணம் கொண்டும் பற்றவைக்காதீர்கள்.

கெட்டில் போனால் உங்களுக்கு 300 வாட் அவர் பெட்டி தாராளம். நான்கு கிலோதான் இருக்கும். 2000 வாட் பெட்டிகள் பல இருபது கிலோவுக்கு மேல். கார் நிற்கும் இடத்திலிருந்து கூடாரம் வரை அதை யார் சுமப்பது? போனையும் கேமராவையும் டைப்-சி வழியாகவே சார்ஜ் செய்யுங்கள். 230 வோல்ட் பொத்தானை அணைத்தே வைத்திருங்கள். அதைப் போட்டு வைத்துவிட்டுத் தூங்கினால் காலையில் ஒன்றும் ஓட்டாமலேயே நூறு வாட் அவர் வரை காணாமல் போயிருக்கும்.

இரண்டு இரவுக்குப் பேனல் தேவையில்லை. நீண்ட பயணம் என்றால் 100 வாட் மடிப்பு பேனல் வாங்குங்கள். நல்ல வெயிலில் 60, 70 வாட் தரும். மரநிழல் ஒரு மூலையில் விழுந்தாலே அது பாதிக்குக் கீழே சரிந்துவிடும். வால்பாறை மழை மாதங்களில் அதைச் சுமந்து போவது வீண். கொடைக்கானலில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் உறைபனி விழும். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே குளிர்ந்த லித்தியம் செல்லை சார்ஜ் செய்தால் அது உள்ளுக்குள் நிரந்தரமாகக் கெடும். இரவில் பெட்டியைக் கூடாரத்துக்குள் வைத்திருந்து, காலையில் வெயில் ஏறியபின் சார்ஜ் போடுங்கள். திரும்பும் வழியில் சாப்பிட இறங்கும்போது வெயிலில் நிற்கும் கார் டிக்கியில் அதை விட்டுப் போகாதீர்கள். பொள்ளாச்சி வெயிலில் மூடிய கார் அறுபது டிகிரியை எட்டும். இரவு பத்து மணிக்கு மேல் பிரகாசமான விளக்குகளையும் ஸ்பீக்கரையும் அணைத்துவிடுங்கள். யானையும் காட்டெருமையும் நடமாடும் பகுதி அது.

கேள்வி: மாடியில் பழைய 330 வாட் சோலார் பேனல் சும்மா கிடக்கிறது. புதிதாக வாங்கிய 500 வாட் அவர் பவர் ஸ்டேஷனில் மாட்டலாமா? பயன்படுத்தாத மாதங்களில் பெட்டியை எப்படி வைப்பது?
- வாசகர், நாகர்கோவில்

பதில்: மாட்டுவதற்கு முன் பேனலின் பின்புறம் ஒட்டியிருக்கும் தாளைப் படியுங்கள். 'வி.ஓ.சி.' என்று ஒரு எண் இருக்கும். எதையும் இணைக்காதபோது பேனல் தரும் வோல்ட் அளவு அது. 330 வாட் பேனலில் அது பெரும்பாலும் 46 வோல்ட் அருகில். உங்கள் பெட்டியின் சோலார் துளை எத்தனை வோல்ட் வரை ஏற்கும் என்று கையேட்டில் பாருங்கள். சின்னப் பெட்டிகள் பலவற்றில் அது 28, 30 வோல்ட்தான். அப்படியானால் மாட்டிய நொடியிலேயே உள்ளே கருகிவிடக்கூடும், கியாரண்டியும் கிடைக்காது. 60 வோல்ட் வரை ஏற்கும் பெட்டி என்றால் தாராளமாக மாட்டலாம். வாட் அதிகமாக இருப்பதால் கெடுதல் இல்லை, பெட்டி தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளும். பிளஸ், மைனஸ் மாறாமல் மல்டிமீட்டரில் ஒருமுறை பார்த்துவிட்டு இணையுங்கள்.

சும்மா இருக்கும் மாதங்களில் பாதிக்குச் சற்று மேல், அறுபது சதவீதம் சார்ஜில், வெயில் படாத அலமாரியில் வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து, ஒரு ஃபேனை ஓட்டிப் பார்த்து, மறுபடி ஏற்றுங்கள். கடலோரக் காற்றில் உப்பு படியும் என்பதால் துளைகளின் ரப்பர் மூடிகளை மூடியே வையுங்கள். அக்டோபர் பிறந்ததும் நூறு சதவீதம் ஏற்றி, மழை முடியும் வரை அப்படியே வைத்திருங்கள்.